பவளத் தொட்டியில் ஏறிப்போன நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் எதிலிருந்து தொடங்கி, எவ்வளவு வேகத்தில் இறக்குவது?

பதிவு 1
கரையோரம் (ஆயர் தாவார் வட்டாரம், பேராக்)

அனைவருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில், அறிவியல் அறையில் வைத்திருக்கும் உப்புநீர்ப் பவளத் தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு என்னிடம் உள்ளது. நான்கடித் தொட்டியும், கீழே வடிகட்டும் கருவிகள் இருக்கும் சம்ப் என்னும் துணைத்தொட்டியும் சேர்த்து ஏறத்தாழ 300 லிட்டர் நீர் பிடிக்கும். இரண்டு கிளவுன் மீன்கள், ஒரு மஞ்சள் டேங், சில குரோமிஸ், ஜோவாந்தஸ், காளான் பவளங்கள், ஒரு ஹாமர் பவளம் ஆகியவை இருக்கின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் பவளம் என்பது உயிருள்ளது என்பதையே இந்தத் தொட்டியின் முன் நின்றுதான் தெரிந்துகொண்டார்கள் என்பதால், இது கெட்டுவிடக் கூடாது என்ற கவலை எனக்கு அதிகம்.

சில மாதங்களாகப் பாறைகளில் பச்சை முடிப்பாசி அடர்ந்து வளர்கிறது. ஹாமர் பவளம் முன்போல் விரிவதில்லை. நைட்ரேட் டெஸ்ட் கிட்டில் நிறம் கடைசிக் கட்டத்துக்கு அருகில், 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு; ஏறத்தாழ லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) அளவில் நிற்கிறது. பாஸ்பேட்டை ஹன்னா கருவியில் பார்த்தேன், 180 பிபிபி (ஆயிரம் பிபிபி ஒரு பிபிஎம்) என்று காட்டியது, அதாவது 0.18 பிபிஎம் என்று எடுத்துக்கொண்டேன். வாரந்தோறும் பத்து விழுக்காடு நீரை மாற்றியும் அளவுகள் அசையவில்லை. கடையில் பாஸ்பேட்டை உறிஞ்சும் மணிகளை நிறையப் போடும்படி சொல்கிறார்கள். உப்புச் செலவைக் குறைக்க, தெலுக் பாத்திக் கடற்கரையிலிருந்து கடல்நீரையே கொண்டுவந்து ஊற்றலாமா என்றும் யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதிவு 2
உரக்கிடங்கு (சித்தியவான்)

வணக்கம் டீச்சர். மற்றவர்கள் விளக்கமாக எழுதுவதற்கு முன், அளவீட்டில் ஒன்றைச் சரிபார்த்துவிடுவோம். உங்களிடம் இருப்பது ஹன்னாவின் மிகக் குறைந்த அளவு காட்டும் பாஸ்பரஸ் கருவியாக இருந்தால், அது தரும் எண் பாஸ்பேட்டின் அளவு அல்ல, அதிலுள்ள பாஸ்பரஸ் தனிமத்தின் அளவு மட்டுமே. அதை 3.066ஆல் பெருக்கினால்தான் பாஸ்பேட் கிடைக்கும். 180ஐப் பெருக்கினால் 552 பிபிபி, அதாவது 0.55 பிபிஎம். நீங்கள் நினைத்ததைவிட மூன்று மடங்கு.

எங்கள் தோட்டத்து உர மூட்டைகளிலும் இதே நிலைதான். கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட் மூட்டையில் அச்சிட்டிருக்கும் விழுக்காடு பாஸ்பரஸ் பென்டாக்சைடைக் குறிப்பது. தனிமக் கணக்கு வேண்டுமென்றால் அதை 0.436ஆல் பெருக்க வேண்டும். நைட்ரேட் கிட்டையும் ஒருமுறை பாருங்கள்: சில கிட்கள் நைட்ரேட்டையும் சில கிட்கள் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டுகின்றன, பின்னதை 4.43ஆல் பெருக்க வேண்டும். மேலும், 60 போன்ற உயரமான அளவில் இரண்டு சிவப்புகளை வேறுபடுத்திப் பார்ப்பது கண்ணுக்குக் கடினம். தொட்டி நீரோடு அதே அளவு, சவ்வின் வழியே வடித்துத் தூய்மையாக்கிய ஆர்.ஓ. நீரைக் கலந்து சோதித்து, வரும் எண்ணை இரட்டிப்பாக்கினால் நம்பகமாக இருக்கும்.

பதிவு 3
ஆழ்கடல் (ஈப்போ)

டீச்சருக்கு வணக்கம். உரக்கிடங்கு தம்பி கணக்கைத் திருத்தியது மிகவும் நல்லதாயிற்று. 0.18 என்றால் கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லியிருப்பேன்; 0.55 என்பது அப்படி விடத்தக்க அளவு அல்ல. வளரும் கால்சியம் கார்பனேட் படிகத்தின் மேற்பரப்பில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கைப் படியவிடாமல் தடுக்கிறது என்பதால், ஹாமர் போன்ற கல்பவளங்களின் எலும்புக்கூட்டு வளர்ச்சி இந்த அளவில் தளர்ந்துபோகும்.

இனி முதன்மையான கேள்விக்கு வருகிறேன். நீரை மாற்றியும் அளவு இறங்காததற்குக் காரணம், வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகம் என்பதே. ஒரு கிராம் உலர்தீவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாஸ்பரஸ் ஒரு விழுக்காடு என்று வைத்தால் 10 மில்லிகிராம். பாஸ்பேட்டாக மாறினால் ஏறத்தாழ 31 மில்லிகிராம். 300 லிட்டரில் அது 0.1 பிபிஎம். அதே தீவனத்தில் புரதம் 45 விழுக்காடு என்றால், புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன் என்ற கணக்கில் 72 மில்லிகிராம் நைட்ரஜன் வரும்; அது முழுவதும் நைட்ரேட்டானால் உங்கள் தொட்டியில் 1 பிபிஎம்முக்குச் சற்று மேல். மீனின் உடல் வளர்ச்சிக்கும் நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பைக்கும் ஒரு பங்கு போய்விடும் என்பதால் முழுக்கணக்கும் நீரில் தங்காதுதான். ஆனாலும், நீங்கள் வாரம் ஒருமுறை பத்து விழுக்காடு நீரை மாற்றும்போது வெளியேறும் பாஸ்பேட் 0.055 பிபிஎம் மட்டுமே என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் தீவனம் அதைவிட அதிகமாகக் கொண்டுவந்து சேர்க்க வல்லது.

நைட்ரேட்டுக்கும் இதே கணக்குதான். புதிதாக எதுவுமே சேராது என்று வைத்துக்கொண்டாலும், பத்து விழுக்காடாகப் பத்து முறை மாற்றிய பிறகு 60 என்பது 21க்குத்தான் இறங்கும். ஒவ்வொரு முறையும் மீதியிருப்பதில் பத்து விழுக்காடுதான் போகிறது. நீர் மாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை மட்டும் நம்பியிருக்க முடியாது என்கிறேன்.

ஆகவே எந்த மருந்தையும் வாங்குவதற்கு முன் இரண்டு விவரங்கள் தேவை. ஒரு நாளில் யார் யார், எத்தனை முறை, எவ்வளவு தீவனம் போடுகிறார்கள்? உப்பைக் கரைப்பதற்கும் ஆவியான நீரை நிரப்புவதற்கும் எந்த நீரைப் பயன்படுத்துகிறீர்கள்?

பதிவு 4
கரையோரம்

ஐயா, மிக்க நன்றி. கணக்கைப் படித்தபோது காரணம் எனக்கே விளங்கிவிட்டது. தீவனம் போடுவதற்கு வகுப்புவாரியாகப் பிள்ளைகளை அனுப்புகிறோம். ஆனால் ஓய்வு நேரத்தில் வேறு பிள்ளைகளும் ஆசையோடு வந்து ஒரு சிட்டிகை போட்டுவிட்டுச் செல்கிறார்கள். மீன்கள் மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்தால் பசிக்கிறது என்றே அவர்கள் எண்ணுகிறார்கள். நாளொன்றுக்கு மூன்று கிராமுக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறேன். இதனோடு வாரம் இருமுறை உறைந்த மைசிஸ் இறாலும் உண்டு.

நீர், குழாயிலிருந்து வருவதுதான். கரித்துண்டு வடிகட்டி ஒன்று பொருத்தியிருக்கிறோம். நீரில் கரைந்துள்ளவற்றின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவியில் 48 காட்டுகிறது.

பதிவு 5
விரைவலை (கிள்ளான்)

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். 0.55 என்ற அளவில் நின்றுகொண்டு தீவனத்தை எடைபோடுவதில் வாரங்களைக் கழித்தால், அதற்குள் முடிப்பாசி பவளங்களை மூடிவிடும். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகளை ரியாக்டரில் (மணிகளின் ஊடே நீரை ஓடவிடும் குழல்) முழு அளவுக்கு நிரப்பி, கூடவே லாந்தனம் குளோரைடும் விட்டால், ஒரு வார இறுதிக்குள் பாஸ்பேட்டை 0.05க்குக் கொண்டுவந்துவிடலாம். முதலில் தீயை அணைத்துவிட்டு, காரணங்களைப் பிறகு ஆராயலாம் என்பதே என் எண்ணம்.

பதிவு 6
ஆழ்கடல் (ஈப்போ)

விரைவலை தம்பியின் அவசரம் எனக்குப் புரிகிறது. இரும்பு ஆக்சைடு மணிகள் பயனுள்ளவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தொட்டிக்கு அந்த வேகம் கேடாகவே முடியும் என்பது என் உறுதியான கருத்து.

பாஸ்பேட் நீரில் மட்டும் இருப்பதில்லை. நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உயிர்ப்பாறையும் ஆரகோனைட் மணலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. நீரில் பாஸ்பேட் கூடக் கூட அவற்றின் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும் அது ஒட்டிச் சேர்கிறது. நீரிலுள்ளது 300 லிட்டருக்கு 165 மில்லிகிராம்தான். நெடுநாள் ஊறிய பாறைகளில் அதைப்போல் பல மடங்கு இருக்கும். நீரிலிருந்து மட்டும் உறிஞ்சி எடுத்தவுடன் பாறை தன்னிடமிருப்பதை விடத் தொடங்கும். சனிக்கிழமை 0.05 காட்டும் தொட்டி புதன்கிழமை 0.3 காட்டும், மணிகள் கெட்டுவிட்டன என்று எண்ணி மீண்டும் நிரப்புவோம், அளவு ஏறி இறங்கி ஏறும். பவளங்கள் உயர்ந்த அளவைக்கூட ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன, இந்த ஊசலாட்டத்தைத்தான் அவற்றால் தாங்க முடிவதில்லை. சதை சுருங்குவதும் நிறம் வெளிறுவதும் பெரும்பாலும் திடீர் இறக்கத்துக்குப் பிறகுதான்.

சுழியத்தைத் தொடுவதும் ஆபத்து. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அறவே இல்லாமல் போன தொட்டிகளில் பாசிக்குப் பதிலாக டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் பழுப்பு நிறக் கொழகொழப்புப் படலம் படர்வதைப் பலரும் கண்டிருக்கிறோம். ஆஸ்ட்ரியாப்சிஸ் போன்ற சில இனங்கள் நஞ்சு உடையவை, நத்தைகளைக் கொன்றுவிடும். முடிப்பாசியை விரட்டுவதைவிட அதை விரட்டுவது பல மடங்கு கடினம்.

லாந்தனத்தைப் பற்றி ஒரு சொல். அது பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத நுண்தூளாகிறது. அந்தத் தூளை 5 அல்லது 10 மைக்ரான் ஃபில்டர் சாக்கில் பிடித்து எடுக்காவிட்டால் மீனின் செவுளுக்குப் போகும். டேங் வகை மீன்கள் அதனால் பாதிக்கப்பட்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சள் டேங் உள்ள பள்ளித் தொட்டியில் அது வேண்டாம்.

நான் பரிந்துரைப்பது இதுதான். பாஸ்பேட், ஒரு வாரத்தில் அப்போதுள்ள அளவில் கால் பங்குக்கு மேல் இறங்கக் கூடாது. மணிகளைப் பொதியில் சொன்ன அளவில் நான்கில் ஒரு பங்கு மட்டும் எடுத்து, ஆர்.ஓ. நீரில் நன்கு அலசி, மெல்ல அசையும்படி ரியாக்டரில் ஓடவிடுங்கள். சென்று சேர வேண்டிய இடம் சுழியம் அல்ல. நைட்ரேட் 5 முதல் 10 வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் இருந்தால் உங்கள் பவளங்களுக்குப் போதும்.

தீவனத்தை எடைபோடுவது காலவிரயம் என்பதை நான் ஏற்கவில்லை, அதுவே வேலையின் பாதி. பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அரை கிராம் தீவனத்தைச் சிறுபொட்டலங்களாகக் கட்டி, நாளுக்கு இரண்டு பொட்டலம் என்று வைத்து, பெயர்ப் பட்டியல் போட்டு அவர்களிடமே கொடுங்கள். பெரிய டப்பாவை அலமாரியில் பூட்டிவிடுங்கள். பள்ளி விடுமுறையான இரண்டு நாட்களும் வளர்ந்த மீன்கள் உணவின்றி இருப்பதால் கேடு ஒன்றும் இல்லை. ஃபில்டர் சாக்கை வாரம் இருமுறை மாற்றுங்கள். நீர் மாற்றும் நாளில் பாறை இடுக்குகளில் பம்ப் கொண்டு ஊதி, கிளம்பும் கசடைக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். சம்ப்பின் அடியில் படிந்த வண்டலும் அப்படியே. கசடு என்பது இன்னும் கரையாத நைட்ரேட்டும் பாஸ்பேட்டும்தான்.

குழாய்நீரையும் விட்டுவிடுங்கள். டிடிஎஸ் 48 என்பது குடிப்பதற்கு நல்ல நீர். ஆனால் அந்த 48இல் என்ன இருக்கிறது என்பதை அந்தக் கருவி சொல்லாது. நம் வெப்பத்தில் நாள்தோறும் லிட்டர் கணக்கில் ஆவியாகிறது, ஆவியாவது தூய நீர் மட்டும். ஈடுகட்ட ஊற்றுவதில் உள்ளவை எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேரும். மீதமுள்ள அயனிகளையும் நீக்கும் டி.ஐ. பிசின் பொருத்திய ஆர்.ஓ. கருவிக்கு ஆகும் வெள்ளி வீண் போகாது. டிடிஎஸ் சுழியமாக வரும் நீரையே ஊற்றுங்கள்.

பதிவு 7
அலைமகள் (தெலுக் இந்தான்)

வணக்கம் டீச்சர். ஐயா சொன்னவற்றோடு சம்ப்பில் கீட்டோமார்ஃபா பாசி வளர்ப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது என் வேண்டுகோள். பாறையில் வளர்ந்து பவளத்தை மூடும் அதே பாசி வேலையை, நமக்கு வசதியான இடத்தில், நாம் பிடுங்கி எறியக்கூடிய ஓர் உருண்டையாக வளரச் செய்கிறோம். தொட்டியின் விளக்கு அணைந்த பிறகு சம்ப் விளக்கு எரியும்படி நேரத்தை மாற்றி வையுங்கள்; இரவில் பி.எச். சரிவதை இது ஓரளவு தடுக்கும், ஆக்சிஜனும் கிடைக்கும். உருண்டை இடத்தை நிரப்பும்போது மூன்றில் ஒரு பங்கை எடுத்து வெளியே போட்டுவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் உள்ளே ஒளி புகாத பகுதி அழுகி, உறிஞ்சியதை எல்லாம் திரும்ப விட்டுவிடும். பிள்ளைகளிடம் எடைபோட்டு எழுதிவைக்கச் சொன்னால் அதுவே ஓர் அறிவியல் பாடம்.

ஆனால் கீட்டோ ஒன்றே இரண்டையும் சரிசமமாக இறக்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் கடல் மிதவை உயிரிகளுக்குக் கண்ட விகிதம், ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்கள். எடைக்கணக்கில் ஒரு பங்கு பாஸ்பேட்டுக்கு ஏறத்தாழ பத்து பங்கு நைட்ரேட். கடலடிப் பாசிகளையும் கடற்புற்களையும் பார்த்த அட்கின்சன், ஸ்மித் இருவரும் 1983இல் கண்ட விகிதமோ அணுக்கணக்கில் ஒன்றுக்கு முப்பது. ஆகவே கீட்டோ நைட்ரேட்டைத்தான் அதிகம் எடுக்கும். பாஸ்பேட்டுக்கு மணிகளின் துணை தேவைப்படும்.

பதிவு 8
கரையோரம்

அலைமகள் அக்காவுக்கு நன்றி. கீட்டோவை ஏற்பாடு செய்கிறேன். வோட்கா அல்லது வினிகர் விட்டு நைட்ரேட்டை இறக்கும் முறை உண்டென்று கேள்விப்பட்டேன். பள்ளி வளாகத்துக்கு வோட்கா ஆகாது. வினிகர் பாதுகாப்பானதா?

பதிவு 9
அலைமகள் (தெலுக் இந்தான்)

முறையாகச் செய்தால் பாதுகாப்பானதே. பாக்டீரியா பெருகுவதற்குக் கார்பனும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும்; நம் தொட்டிகளில் பின்னிரண்டும் மிகுந்து, எளிதில் உண்ணத்தக்க கார்பன்தான் குறைகிறது. வினிகர் அந்தக் கார்பனைத் தருகிறது, பெருகிய பாக்டீரியாவை ஸ்கிம்மர் வெளியேற்றுகிறது. எனவே நல்ல ஸ்கிம்மர் இல்லாத தொட்டியில் இதைத் தொடவே கூடாது.

நிறமும் சுவையூட்டியும் சேர்க்காத, 5 விழுக்காடு அமிலமுள்ள வெள்ளை வினிகரை வாங்குங்கள். 300 லிட்டருக்கு நாளொன்றுக்கு 2 மில்லிலிட்டரில் தொடங்கி, வாரம் ஒருமுறை சிறிதளவே கூட்டுங்கள். ஸ்கிம்மருக்கு அருகில், பகல் நேரத்தில் சொட்டுச்சொட்டாக விடுங்கள். நீர் பால்போல் கலங்கினாலோ, மீன்கள் மேற்பரப்பில் மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிடுங்கள். இங்கேதான் நம் ஊர் வெப்பத்தை நினைவில் கொள்ள வேண்டும். 30 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் ஏந்தும். பெருகும் பாக்டீரியாவும் அதிலிருந்தே எடுக்கும். பள்ளியில் இரவிலும் வார இறுதியிலும் குளிர்சாதனம் ஓடாது, மின்சாரம் தடைப்பட்டாலும் பார்க்க ஆள் இருக்காது. மின்கலத்தில் தானே இயங்கத் தொடங்கும் காற்றுப் பம்ப் ஒன்றை வைத்துவிட்டு, அதன் பிறகே வினிகரைத் தொடங்குங்கள்.

பதிவு 10
உரக்கிடங்கு (சித்தியவான்)

கடல்நீர் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் இந்தப் பக்கத்துக்காரன் என்பதால் சொல்கிறேன்: வேண்டாம் டீச்சர். தெலுக் பாத்திக் குளிப்பதற்கு அருமையான இடம். ஆனால் பக்கத்திலேயே டிண்டிங் ஆற்று முகத்துவாரமும் சதுப்புநிலக் காடுகளும் இருக்கின்றன; தெற்கே பேராக் ஆறு கடலில் கலக்கிறது. மழைக்குப் பிறகு உப்பின் அளவு இறங்கும், நீர் கலங்கும். நிலத்திலிருந்து கழுவிவரும் சத்துகளும் அதில் சேர்ந்திருக்கும். எதைக் குறைக்கப் பாடுபடுகிறோமோ அதையே கலனில் அள்ளிவந்து ஊற்றுவதாகிவிடும். தூய நீரில் கரைத்த உப்பே மேல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தீவுப் பக்கம் போய்ப் புதிய உயிர்ப்பாறை எடுத்துவரலாம் என்று சிலர் உங்களிடம் சொல்லக்கூடும். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி கடற்பூங்காக்களில் பவளம் எடுப்பது குற்றம். பூங்கா எல்லைக்கு வெளியே என்றாலும், பவளத்தைக் காக்கக் கற்றுக்கொடுக்கும் தொட்டிக்காகப் பவளத்திட்டை உடைப்பதை என் மனம் ஒப்பவில்லை.

பதிவு 11
கரையோரம்

அனைவருக்கும் மீண்டும் வணக்கம். இடையில் நீண்ட இடைவெளி விட்டதற்குப் பொறுத்தருள்க. பொட்டலத் தீவனம், ஆர்.ஓ. நீர், கீட்டோ, கால் பங்கு மணிகள், சிறிதளவு வினிகர் என்று சொன்னபடியே செய்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் ஆர்.ஓ. கருவிக்கு உதவினார்கள். நைட்ரேட் இப்போது 20. பாஸ்பேட் முதலில் 0.3க்கு இறங்கி, மணிகளை மாற்றத் தாமதித்த வாரத்தில் 0.38க்கு ஏறி, பிறகு மீண்டும் இறங்கி 0.16இல் நிற்கிறது. பாறை திரும்ப விடும் என்று ஐயா முன்பே எழுதியிருந்ததால் பதற்றம் ஏற்படவில்லை. முடிப்பாசி வேர் தளர்ந்து கையோடு வருகிறது, டர்போ நத்தைகளும் மேய்கின்றன. ஹாமர் பவளம் விரிகிறது.

ஒரு ஐயம் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆல்கலினிட்டிக் கரைசலை (அமிலத்தை ஈடுகட்டும் கார்பனேட்டுகளைத் தருவது) வழக்கமான அளவில்தான் விடுகிறேன். ஆனாலும் ஆல்கலினிட்டியின் அலகான டிகேஎச் கணக்கில் 8 இருந்தது 9.5க்கு ஏறியிருக்கிறது. டெஸ்ட் கிட் பழுதா?

பதிவு 12
ஆழ்கடல் (ஈப்போ)

மிக்க மகிழ்ச்சி தங்கை. டெஸ்ட் கிட் சரியாகத்தான் இருக்கிறது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது நீரிலுள்ள ஆல்கலினிட்டி செலவாகிறது. 50 பிபிஎம் நைட்ரேட் உருவாக ஏறத்தாழ 2.3 டிகேஎச் போய்விடும். அந்த நைட்ரேட்டைப் பாசி உண்ணும்போதோ, பாறையின் ஆக்சிஜனற்ற உட்பகுதியில் பாக்டீரியா அதை நைட்ரஜன் வாயுவாக மாற்றும்போதோ, செலவானது திரும்பி வருகிறது. உங்கள் தொட்டியில் இறங்கிய 40 பிபிஎம்முக்கு 1.8 டிகேஎச் கணக்கு வருகிறது. ஒரு பகுதி நைட்ரேட் நீர் மாற்றத்தில் வெளியே போனதால் அந்தப் பங்கு திரும்பாது. 1.5 ஏறியது பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் இதை அப்படியே விட வேண்டாம். சத்துகள் குறைந்த நீரில் ஆல்கலினிட்டி உயர்ந்து நின்றால் கல்பவளங்களின் நுனி கருகும். கரைசலின் அளவைப் பாதியாகக் குறைத்து, வாரம் இருமுறை சோதித்து, 8க்கு மெல்ல இறங்க விடுங்கள். பாஸ்பேட் குறையக் குறைய ஹாமர் பவளம் வேகமாகக் கல் கட்டத் தொடங்கும். அப்போது ஆல்கலினிட்டி செலவு கூடும், கரைசலையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டிவரும். நைட்ரேட் 10ஐத் தொட்டதும் வினிகரை வாரத்துக்குச் சிறிதாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். மணிகளை மட்டும் பாஸ்பேட் 0.1க்குக் கீழே வரும்வரை இப்போதைய அளவிலேயே ஓடவிடுங்கள். பாறையில் இன்னும் மீதி இருக்கிறது.